மடங்காத மோதிர விரல்

ஆடி 1, புதன்

லோகநாயகி மதினி வந்து இறங்கிவிட்டாள். இரண்டு பெட்டி, சுருட்டிய ரப்பர் பாய் ஒன்று, கண்ணாடிச் சட்டம் போட்ட யோகா சான்றிதழ் ஒன்று. தென்காசி வீட்டில் மேல்தளம் ஒழுகுகிறதாம், வேலை முடிய ஒரு மாதம் ஆகுமாம். என் வீட்டுக்காரருக்குக் கூடப்பிறந்த அக்காள் இவள் ஒருத்திதான். வாசலிலேயே, "எத்தன நாள் வேணும்னாலும் இருக்கா" என்று பல்லைக் காட்டினார். பொங்கிப் போடுகிறவளை ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று இந்த வீட்டில் எவருக்கும் தோன்றாது.

வந்த கையோடு சாப்பாட்டு மேசையில் ஆரம்பித்துவிட்டாள். "வடிவு, இவனுக்கு வாயு ஜாஸ்தி. இவ்வளவு புளி ஆவாது." கல்யாணமான நாளிலிருந்து இந்தப் புளியைத் தின்றுதான் இவர் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறார். நான் ரசத்தை எடுத்து அவள் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

மகள் கோமுவை நேற்றுத்தான் கோயம்புத்தூரிலிருந்து அழைத்து வந்தோம். தையில் கல்யாணம், இது முதல் ஆடி. மாதம் முழுக்கத் தாய்வீட்டில் இருந்துவிட்டு ஆவணி பிறந்ததும் போவாள். இந்த நேரம் பார்த்தா மதினியும் வர வேண்டும்? கோமுவைப் பெண் பார்த்துவிட்டுப் போன அன்றைக்கு, வெற்றிலைத் தட்டு கூட இன்னும் உள்ளே போகவில்லை, இவள் என் காதருகே வந்து, "பையன் நம்ம பிள்ளையப் பாக்கல வடிவு. அவ பேசும்போதெல்லாம் எப்ப தப்பு வரும்னு வாத்தியார் மாதிரி வாயவே பாத்துட்டு இருந்தான். எனக்குச் சரியாப் படல" என்றாள். நல்ல காரியம் நடக்கிற வீட்டில் பேசுகிற பேச்சா அது. அதை நான் மறக்கவில்லை, மறக்கவும் மாட்டேன்.

ஆடி 3, வெள்ளி

மாப்பிள்ளை தங்கம். காலையில் கூப்பிடுகிறார், மத்தியானம் கூப்பிடுகிறார், விளக்கு வைத்ததும் கூப்பிடுகிறார். எல்லாம் வீடியோதான். அறையைச் சுற்றிக் காட்டச் சொல்கிறார், கூட யார் இருக்கிறார்கள், என்ன சேலை கட்டியிருக்கிறாள், எல்லாம் கேட்கிறார். கல்யாணமான புதிதில் என்னைத் தாய்வீட்டில் விட்டுப் போன மனிதர் ஒரு கடுதாசி போட்டதில்லை. மதினி காதில் விழ வேண்டும் என்றே, "சபரிநாதன் மாதிரி மாப்பிள்ளை யாருக்குக் கிடைக்கும்" என்று அடுப்படியிலிருந்து சத்தமாகச் சொன்னேன். அவள் குனிந்த தலை நிமிராமல் கீரை ஆய்ந்தாள்.

கோமுவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. காலையில் குமட்டிக்கொண்டு ஓடினாள். பயணச் சூடு. சீரகத் தண்ணீர் கொடுத்தேன்.

ஆடி 5, ஞாயிறு

மொட்டைமாடியில் வகுப்பு தொடங்கிவிட்டாள் மகராசி. பக்கத்து வீட்டுக் கனகா முதற்கொண்டு தெருப் பெண்கள் பாதிப்பேர் ஏறி வந்துவிட்டார்கள். நான் வடகம் காயப்போடப் போகிறவள் மாதிரி தட்டோடு போய்ப் பார்த்தேன். சம்மணம் போட்டு உட்கார்ந்து நடுவிரலையும் மோதிர விரலையும் மடக்கி, கட்டைவிரல் நுனியில் சேர்க்க வேண்டும், மற்ற இரண்டும் நேராக நிற்க வேண்டும். இரண்டு கையிலும். அபான முத்திரையாம். தின்றது செரிக்குமாம், தேங்கிக் கிடக்கிற கழிவெல்லாம் இறங்கி உடம்பு சுத்தமாகிவிடுமாம். கழிவு இறங்க விளக்கெண்ணெய் இருக்கிறது, அதற்கு எதற்கு ஜமுக்காளம் விரித்து ஒரு சபை?

"இது கீழ தள்ளுத சக்தி. அதனால மாசமா இருக்கவங்க மட்டும் இத செய்யவே கூடாது, கேட்டியளா" என்று விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். கனகா, "எனக்கு அந்தக் கவலையெல்லாம் போயாச்சுக்கா" என்று சொல்லவும் எல்லாரும் சிரித்தார்கள். கோமு காப்பித் தட்டோடு படிவாசலில் நின்றுகொண்டிருந்தாள். காப்பி ஆறும்வரை அப்படியே நின்றாள்.

சாயங்காலம் பார்த்தால், யாரும் கூப்பிடாமலே மாடியில் போய் உட்கார்ந்து விரலைச் சேர்த்துக்கொண்டிருக்கிறாள்.

ஆடி 6, திங்கள்

காலையிலும் உட்கார்ந்தாள், சாயங்காலமும் உட்கார்ந்தாள். அத்தைக்காரி மருந்து வைத்துவிட்டாள்.

ஆடி 9, வியாழன்

இன்று மாடியில் ஒரு விசாரணைக் கமிஷன் நடந்தது. கோமுவின் வலதுகை மோதிர விரல் மடங்கவில்லை. கட்டைவிரல் பக்கம் பாதி வருகிறது, அதோடு நிற்கிறது. மதினி அவள் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"இது எப்ப பட்டுது?"

"கார்க் கதவுல நசுங்கிட்டு அத்தை."

"நீ சாத்தினியா, வேற யாரும் சாத்தினாவளா?"

"ஞாபகம் இல்ல."

"நசுங்கின விரல்ல நகம் போயிருக்கும்லா. இதுல நகம் நல்லா இருக்கே."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என்ன மதினி, போலீஸ் ஸ்டேஷனா இது? அவ சித்திரையிலேயே போன்ல எங்கிட்ட சொல்லிட்டா. மாப்பிள்ளையும் கூடவே நின்னு பாத்துக்கிட்டாரு" என்றேன். கோமு கையை இழுத்துக்கொண்டு கீழே போய்விட்டாள். எலும்பு டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று மதினி இவரிடம் போய் ஓதியிருக்கிறாள். இவரும் தலையை ஆட்டியிருக்கிறார்.

ஆடி 12, ஞாயிறு

கேஸ் தீர்ந்துவிட்டது. புது சிலிண்டர் நாளைக்குத்தான். மின்னடுப்பில் சொதி வைத்தால் தேங்காய்ப்பால் திரிந்துபோய்த் தொலைந்தது. மதினி ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டாள். ஏதாவது சொல்லியிருந்தால் தேவலை.

இவர் முத்திரை போட்டு வாயுவெல்லாம் போய்விட்டதாகத் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறார். எங்கே போகிறது என்று இவர் பக்கத்தில் படுக்கிற என்னைக் கேட்க வேண்டும்.

ஆடி 14, செவ்வாய்

மாப்பிள்ளை என் போனில் கூப்பிட்டார். "அத்தை, அவ காலையில இருந்து போன் எடுக்கல. போன் எடுக்காம இருந்தா எனக்குப் பிடிக்காது. அது அவளுக்கும் தெரியும்." குரல் ஏறவே இல்லை. அப்படி ஒரு தன்மை. எனக்குத்தான் அவமானமாகிவிட்டது. போய்க் கோமுவைப் பிடிபிடியென்று பிடித்தேன். "சார்ஜ் இல்லம்மா" என்றாள். சார்ஜர் அவள் மடியிலேயே கிடந்தது.

"அம்மா, நா இன்னும் கொஞ்ச நாள் இங்க இருக்கட்டுமா?"

"அதான் ஆடி முடியமட்டும் இருக்கியே."

"அதுக்குப் பெறவும்."

"ஏட்டி, ஆவணி பொறந்து பொண்ணு வீட்டோட கிடந்தா நாலு பேரு நாலு விதமாப் பேசுவாவ. அதுவும் மாடியில ஒருத்தி அதுக்காகவே காத்துட்டு உக்காந்திருக்கா" என்றேன்.

உடனே மாப்பிள்ளைக்குத் திரும்பப் பேசினேன். ஆவணி இரண்டாம் தேதி நல்ல நாள், வந்து கூட்டிக்கொண்டு போங்கள் என்று சொல்லிவிட்டேன். ஆறப்போட்டால் பிள்ளைகளுக்குச் சோம்பல் வந்துவிடும்.

ஆடி 18, சனி

பெருக்கு. விடியுமுன் எழுந்து எலுமிச்சை, தேங்காய், புளியோதரை, தயிர்சாதம் எல்லாம் கட்டிக்கொண்டு குறுக்குத்துறைப் படித்துறைக்குப் போனோம். ஆற்றில் தண்ணீர் நன்றாகப் போகிறது. கோமுவுக்கு மஞ்சள் கயிறு மாற்ற வேண்டும் என்று எடுத்துப் போயிருந்தேன். கயிற்றைக் கழுத்துக்குக் கொண்டு போகும்போது, அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்ததும் எழுந்து மண்டபத்துக்குப் பின்னால் ஓடினாள்.

மதினி என்னைத் தனியாக ஒதுக்கினாள். "வடிவு, போன் மணி அடிச்சா அந்தப் பிள்ளைக்குத் தோள் ரெண்டும் மேல ஏறுது. நீ பாத்தியா இல்லியா? எங்கிட்ட வாயத் தொறக்க மாட்டேங்கா. நீ பெத்தவ. பக்கத்துல உக்காந்து கேளு."

"எம்பிள்ளைய எனக்குத் தெரியும். பிள்ள பெத்தவங்க சொன்னா கேட்டுக்கிடலாம். நீங்க என்னத்தக் கண்டிய?" என்றேன்.

அவள் ஆற்றைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். போய்ச் சேர்ந்த அவள் வீட்டுக்காரருக்கும் அவளுக்கும் பிள்ளைக்காக எத்தனை கோயில், எத்தனை டாக்டர் என்று எனக்குத் தெரியாதா என்ன. தெரிந்துதான் சொன்னேன். மாப்பிள்ளையைக் குறை சொன்னாளே அன்றைக்கு, அதற்கும் சேர்த்துத்தான்.

ஆடி 19, ஞாயிறு

மதினி சாப்பிட இறங்கவில்லை. பசித்தால் வருவாள்.

ஆடி 22, புதன்

கோமு இப்போது மாடியில் மட்டுமில்லை, கட்டிலிலும் படுத்துக்கொண்டே விரலைச் சேர்த்து வைத்திருக்கிறாள். டி.வி. முன்னால், சேலைத் தலைப்புக்குள்ளே, எங்கே பார்த்தாலும் அதுதான். மடங்காத விரலை மற்றக் கையால் வளைத்துப் பிடித்துக்கொள்கிறாள். வலிக்கிறது போல, உதட்டைக் கடிக்கிறாள். நான் போய் விரல்களைப் பிரித்துவிட்டேன். "என்னட்டி, சாமியாரிணியா ஆகப்போறியா?"

"விடும்மா. இன்னுங் கொஞ்ச நேரம்."

கை ஐஸ் மாதிரி இருந்தது. தின்பது நாலு வாய் கஞ்சி, அதில் அப்படி என்ன செரிக்காமல் கிடக்கிறதோ.

ஆடி 25, சனி

மாவு அரைத்தேன். தலையணை உறை மாற்றினேன். மாப்பிள்ளை வருவதற்குள் முன்னறைக்கு வெள்ளை அடிக்கச் சொன்னால் இவர் காதில் வாங்கவில்லை. எலும்பு டாக்டரிடம் திங்கட்கிழமைக்கு டோக்கன் போட்டாகிவிட்டதாம், அதற்கு மட்டும் கால் முளைக்கிறது. அத்தையும் மருமகளும் தனியாகப் போய் என்னென்ன பேசிக்கொள்வார்களோ. நானும் போகிறேன்.

ஆடி 27, திங்கள்

எழுதிவிடத்தான் வேண்டும்.

டாக்டர் விரலைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் படம் எடுக்கச் சொன்னார். எக்ஸ்ரே அறை வாசலில் இருந்த ஆள், எல்லாரையும் கேட்கிற கேள்விதான், சீட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "கல்யாணம் ஆயிட்டாம்மா? மாசமா இருக்கியா? நாள் எதுவும் தள்ளிப் போயிருக்கா?"

அந்த ஆள் நிமிர்ந்து பார்த்தான். மறுபடி கேட்டான். "ரெண்டு மாசம்" என்றாள் கோமு.

முதலில் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. வயிற்றுக்குள்ளிருந்து குளிர்ந்து வந்தது. கள்ளி, எங்கிட்ட மறைச்சிட்டியே என்று கையைப் பிடிக்கப் போனேன். அவள் பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு கையிலும் விரலைச் சேர்த்து வைத்துக்கொண்டிருந்தாள். மாசமாக இருக்கிறவர்கள் செய்யவே கூடாது என்று மதினி சொன்ன அன்றைக்குத்தான் இவள் உட்கார ஆரம்பித்தாள். என் கை அப்படியே நின்றுவிட்டது.

எனக்கு முன்னால் மதினிக்குப் புரிந்துவிட்டது. அவள் முகம் செத்துவிட்டது. "நா சொன்னத வச்சா செஞ்ச, கோமு? அதையா நம்புன? விரல மடக்குனா செரிமானத்துக்கு நல்லதுன்னு சொல்லிக் குடுத்தாவ, நானும் சொன்னேன். இதுக்கெல்லாம்... எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கக் கூடாதா?"

"எனக்கு வேற என்ன அத்தை தெரியும்? போன்ல தேடுனா அவருக்குத் தெரிஞ்சிரும். நா என்ன பாக்கேன், யார்கிட்ட பேசுதேன், எல்லாம் அவர் போன்லயும் வரும்."

வயிற்றுக்கு ஈயத் துணி போர்த்திக் கையை மட்டும் படம் எடுத்தார்கள். டாக்டர் அதை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "கதவுல நசுங்குனா எலும்பு இப்படிப் போகாதும்மா. இது முறுக்குனது. அப்பவே கூட்டிட்டு வந்திருக்கணும்" என்றார். நான் அவரோடு சண்டைக்குப் போனேன். அவள் சொல்கிறாள் கதவென்று, நீங்கள் பார்த்தீர்களா என்றேன். என் வாய் அது பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனது.

கோமுதான் நிறுத்தினாள். "அம்மா, போன்ல ரேகை வச்சுப் பூட்டியிருந்தேன். தொறக்கச் சொன்னாரு. மாட்டேன்னேன். எந்த விரல்னு கேட்டாரு, சொல்லல. அவரே ஒவ்வொரு விரலா எடுத்து வச்சுப் பாத்தாரு. மோதிர விரல் வரும்போது நா கைய இழுத்தேன். அவர் விடல."

மளிகைச் சாமான் சொல்கிற மாதிரிச் சொன்னாள். ஆட்டோவில் ஏறினோம். தான் சொன்னது பலித்துவிட்டதே என்று மதினி முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தேன். தெரிந்திருந்தால் அங்கேயே இறக்கிவிட்டிருப்பேன். அவள் அழுதுகொண்டு வந்தாள்.

ஆடி 28, செவ்வாய்

இவர் காலையிலிருந்து சாய்வு நாற்காலியில். "நாலு பெரியவங்கள வச்சுப் பேசிப் பாப்போம்" என்றார். "நாலு பெரியவங்க வந்து அவ விரல நீட்டிவிடுவாவளா?" என்று கேட்டேன். பேப்பரை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

கோமுவிடம் நான்தான் போனேன். நல்லதாகப் பேச வேண்டும் என்று நினைத்துத்தான் போனேன். "அவன வேண்டாம்னு சொல்லு, சரி. வயித்துல உள்ளது என்ன பாவம் செஞ்சுது? நாம வளப்போம்" என்றேன்.

"நீ வளத்துருவம்மா. ஆனா அதச் சாக்கா வச்சு அவரு இந்த வாசலுக்கு வந்துக்கிட்டே இருப்பாரு. நா சாகிற வரைக்கும் வருவாரு."

"இதெல்லாம் நீ மொதல்லயே எங்கிட்ட சொல்லியிருக்கணும்."

"சொன்னேனே. விரல் வீங்கியிருக்கும்மான்னு சித்திரையில போன் பண்ணுனேன். ஸ்பீக்கர்ல போட்டுட்டு அவரு பக்கத்துல நின்னாரு. கதவுன்னு சொல்லச் சொன்னாரு, சொன்னேன். எங்கம்மா என் குரல வச்சே கண்டுபிடிச்சிருவான்னு நெனச்சேன். நீ சுண்ணாம்பும் மஞ்சளும் கொழச்சுப் பத்துப் போடுன்னுட்டு, மாப்பிள்ளைட்ட குடுன்ன. அவருட்ட ரொம்ப நேரம் பேசிச் சிரிச்ச."

நான் எழுந்து வந்துவிட்டேன். மாவு பொங்கி வழிந்து மேடையெல்லாம் ஒழுகிக் கிடந்தது. துடைத்தேன்.

ஆடி 31, வெள்ளி

மாப்பிள்ளைக்கு வர வேண்டாம் என்று சொல்லலாமா என்று இவர் கேட்டார். சொல்ல வேண்டாம், வரட்டும் என்றேன்.

ஆவணி 2, ஞாயிறு

வந்தான். கார் வாசலில் நின்றதும் நான் இறங்கிப் போய் இரும்புக் கேட்டை உள்பக்கம் கொண்டி போட்டேன். கையில் பழப்பை. அதே சிரிப்பு.

"என்ன அத்தை, வாசல்ல நிக்க வச்சுட்டிய?"

"கோமு வரல. நீங்க கெளம்புங்க."

"நீங்கதான வரச் சொன்னிய?"

"ஆமா, நாந்தான் சொன்னேன். இப்பம் போகவும் நாந்தான் சொல்லுதேன்."

சிரிப்பு போய்விட்டது. "இது ஒங்க பேச்சு இல்ல. மாடியில இருக்காளே, புருசன் இல்லாம, புள்ள இல்லாம, அவ சொல்லிக் குடுத்த பேச்சு" என்றான். குரல் இப்போதும் ஏறவில்லை. புள்ள இல்லாம என்று அவன் சொன்னபோது எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அதே வார்த்தையை அந்தப் படித்துறையில் சொன்னவள் நான்தானே. அந்த ஆத்திரமும் அவன் மேலேயே போனது.

"ஏலேய்" என்றேன். மாப்பிள்ளையை இப்படிக் கூப்பிடுவேன் என்று நானே நினைத்ததில்லை. "எம் மவ விரல ஒடிச்சிட்டு என் வாசல்ல நின்னு எங்க மதினியப் பேசுதியா? போன் தொறக்கப் பொண்டாட்டி விரல முறிச்சவன் நீ. தெருவே கேக்கட்டும்." கனகா வாசலுக்கு வந்துவிட்டாள். எதிர்வீட்டு மாடியில் ஆட்கள். ஒரு மாதமாக இந்தத் தெருவுக்குப் பயந்துதான் நான் என் பிள்ளையை விரட்டிக்கொண்டிருந்தேன்.

அவன் போனை எடுத்து என்னைப் படம் பிடிக்க ஆரம்பித்தான். நல்லா எடு, என் மூஞ்சி தெளிவாத் தெரியுதா பாரு என்று கேட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். இவர் எனக்குப் பின்னால் வந்து நின்றார். ஒன்றும் பேசவில்லை, ஆனாலும் நின்றார். அவன் பழப்பையைக் கேட்டின் மேல் தொங்கவிட்டுவிட்டு, "கோர்ட்ல பாக்கலாம்" என்று காரில் ஏறினான். பையோடு தூக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டேன்.

மாடிக்குப் போய் மதினியிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று இரண்டு தடவை படி ஏறினேன். இரண்டு தடவையும் காய்ந்த துணியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

ஆவணி 4, செவ்வாய்

மகளிர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா கோமுவைத் தனியாக வைத்து நெடுநேரம் பேசினார். பிறகு எங்களைக் கூப்பிட்டு, "அவங்க யோசிச்சுத்தான் சொல்லுதாங்க. இதுல முடிவு அவங்களோடது. கையெழுத்தும் அவங்க போட்டாப் போதும்" என்றார். கோமு இடது கையால் பேனாவைப் பிடித்துக் கோணலாகப் போட்டாள். வலதுகையில் எலும்பு டாக்டர் போட்ட மாவுக்கட்டு. நான் இன்னொரு தடவை ஏதாவது சொல்லிவிடுவேனோ என்று என்னையே பார்த்தாள். நான் சொல்லவில்லை. நேற்று ராத்திரி எல்லாவற்றையும் என் சாமியிடம் சொல்லிச் சண்டை போட்டாகிவிட்டது.

நர்ஸ் வந்து, கூட ஒரு ஆள் மட்டும் உள்ளே வரலாம் என்றாள். மாற்றுப் புடவை, துண்டு, வெந்நீர் பிளாஸ்க், பிஸ்கட் எல்லாம் என் பையில்தான் இருந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தேன்.

"அத்தை வரட்டும்" என்றாள் கோமு.

மதினி என்னைப் பார்த்தாள். "வடிவு போகட்டும் கண்ணு. அம்மால்லா."

"இல்ல அத்தை. நீங்க வாங்க."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். பையைத் தோளிலிருந்து கழற்றி மதினியிடம் கொடுத்தேன். வெந்நீர் பிளாஸ்க்கின் மூடி இறுக்கமாக இருக்கும், துணி வைத்துத் திருக வேண்டும் என்று சொன்னேன். மதினி என் கையை ஒரு தடவை அழுத்திவிட்டு உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது.

மதினி மேல் கோபம் வரும் என்று காத்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. இத்தனை நாளும் அதைப் பிடித்துக்கொண்டுதானே நடமாடினேன்.

பக்கத்து நாற்காலியில் ஒரு அம்மாள், செங்கோட்டைக்காரி போல, மருமகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். "ஒங்களுக்கு உள்ள யாரு?" என்று கேட்டாள்.

"எம் மவ" என்றேன்.

"நீங்க கூடப் போகலியா?"

"அவளுக்கு வேண்டியவங்க போயிருக்காங்க" என்றேன்.